உளையில் இறங்கும் முன்: சேற்று வயலில் வண்டி புதையாமல் ஓட்டப் பழகுபவர்களுக்கு

ஐப்பசி மாதத்தில் எங்கள் பகுதியில் இரவு எட்டு மணிக்கு மேல் கைப்பேசி அடித்தால் இரண்டு செய்திகளில் ஒன்றாகத்தான் இருக்கும். யாரோ தவறிவிட்டார்கள், இல்லையென்றால் யாருடைய வண்டியோ உளையில் மாட்டிக்கொண்டது. மன்னார்குடிக்குக் கிழக்கே களிமண் வயல்களில் 20 ஆண்டுகளாக டிராக்டரும் அறுவடை வண்டியும் ஓட்டுகிறேன். வடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். சக்கரம் வழுக்கிச் சுற்றத் தொடங்கியவுடன் நிறுத்தியிருந்தால் ஐந்து நிமிட வேலை. இன்னும் கொஞ்சம் முடுக்கிப் பார்ப்போம் என்று நினைத்ததால் ஐந்து மணி நேர வேலை.

புதிதாக வண்டி வாங்கியவர்கள், மேட்டு நிலத்தில் ஓட்டிப் பழகிவிட்டு டெல்டாவுக்கு வேலைக்கு வருபவர்கள், அப்பாவின் டிராக்டரில் இந்த ஆண்டு முதல்முறையாக ஏறப்போகும் பிள்ளைகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குறுவைக்குச் சேறடிப்பதில் தொடங்கி, மழையில் நனைந்த வயலில் அறுவடை, வாய்க்கால் தூர்வாரும் பொக்லைன் வரை வருகிறேன்.

முதலில் மண்ணைக் கேளுங்கள்

வயலுக்குள் வண்டி போகுமா என்று வயலின் சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள். "தாராளமாகப் போகும் தம்பி, போன வருஷம் போச்சே" என்பார். அவருக்கு நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. வேறு என்ன சொல்வார்? செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே இறங்குங்கள். கையில் ஒரு கடப்பாரை இருக்கட்டும்.

நன்செய் வயலின் மேல்மண் கஞ்சியாக இருந்தாலும் அதற்குக் கீழே ஒரு கெட்டித் தளம் இருக்கும். ஆண்டுக்கணக்காகச் சேறடித்து, மிதித்து, உருட்டி இறுகிப்போன அடுக்கு அது. பெரும்பாலான வயல்களில் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் காலில் தட்டும். வயலில் தண்ணீர் தங்குவதற்கும் அதுதான் காரணம், வண்டி நிற்பதற்கும் அதுதான் காரணம். டிராக்டர் சேற்றின்மேல் ஓடுவதில்லை; சேற்றைக் கிழித்துக்கொண்டு இந்தத் தளத்தின்மேல் ஓடுகிறது.

ஆகவே சோதிக்க வேண்டியது தளம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். கடப்பாரையை நிமிர்த்திப் பிடித்து, குத்தாமல், உடம்பின் பாரத்தால் மட்டும் அழுத்துங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே விரலை வைத்து அளந்துகொள்ளுங்கள். 40 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டர்களில் வயிற்றுக்கும் தரைக்கும் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 35 முதல் 40 சென்டிமீட்டர். கடப்பாரை 20-இல் நின்றால் கவலையில்லை. 30-ஐத் தாண்டினால் வண்டியின் வயிறு சேற்றைத் தடவ ஆரம்பிக்கும். வயிறு உட்கார்ந்துவிட்டால் எடை சக்கரத்தைவிட்டு வயிற்றுக்குப் போய்விடும். சக்கரம் சும்மா சுற்றும். அப்புறம் எந்த இன்ஜின் இருந்து என்ன?

ஒரே இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களிலாவது பாருங்கள். குறிப்பாக மடைவாய், வடிகால் ஓரம், பழைய கிணறு அல்லது குட்டை தூர்த்த இடம், போர் போட்டபோது சகதிக்குழி வெட்டிய இடம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த மூலை. இந்த இடங்களில் கெட்டித் தளம் உடைந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. சந்தேகப்படும் இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு நுனியில் துணி கட்டிவிடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு எல்லாச் சேறும் ஒரே நிறம்தான்.

எடையா, பரப்பா?

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மணலில் சக்கரத்தின் பிடிப்பு உராய்விலிருந்து வருகிறது. எடையைக் கூட்டினால் பிடிப்பும் கூடும். நீரில் ஊறிய களிமண்ணில் அப்படியில்லை. அங்கே பிடிப்பு மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பசையிலிருந்து வருகிறது. அந்தப் பசை, சக்கரம் எவ்வளவு பரப்பைத் தொடுகிறது என்பதைத்தான் பார்க்கும், எவ்வளவு கனம் என்று பார்க்காது. எடையைக் கூட்டினால் இழுவை ஏறாது, ஆழம்தான் ஏறும். நிலவில் ஓடிய அமெரிக்க ஊர்தியின் வடிவமைப்பில் பங்கெடுத்த பெக்கர் என்ற போலந்துப் பொறியாளர் மண்ணுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இந்த உறவை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். நான் அதைக் கற்றுக்கொண்டது வேறு விதத்தில்.

வண்டி வாங்கிய முதல் ஆண்டு கோடை உழவில் சக்கரம் வழுக்குகிறது என்று இரண்டு பின் டயர்களிலும் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பினேன். இரண்டும் சேர்த்து 300 கிலோவுக்கு மேல் ஏறியது. காய்ந்த நிலத்தில் வண்டி யானைபோல் இழுத்தது. அதே தண்ணீரோடு ஆடியில் சேறடிக்க இறங்கினேன். நாலாவது சுற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. இழுக்க வந்த பெரியவர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே குளம் வெட்டி வைத்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார்.

கோடை உழவுக்குத் தண்ணீரும் இரும்பு எடைகளும் நல்லவை. சேற்றுக்குப் போகும் முன் பின் டயரின் தண்ணீரை இறக்கிவிடுங்கள், பின் சக்கர இரும்பு எடைகளைக் கழற்றிவிடுங்கள். முன்பக்கத்தை மட்டும் முழுக்க வெறுமையாக்க வேண்டாம். பின்னால் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரைத் தூக்கும்போது முன் சக்கரம் மிதந்தால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை.

ஒரு சிறு கணக்கு. 20 டன் பொக்லைனில் டயருக்குப் பதிலாக ஓடும் இரும்புப் பட்டை ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் அகலம், தரையில் படும் நீளம் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டைகளுக்கும் சேர்த்து 43,200 சதுர சென்டிமீட்டர். 20,000 கிலோவை அதால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.46 கிலோ. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 140 சதுர சென்டிமீட்டர் பாதத்தோடு ஒற்றைக்காலில் நின்றால்? அதே 0.46 கிலோ! டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி இன்னும் லேசானது. 3 டன் வண்டி, 45 சென்டிமீட்டர் பெல்ட், தரையில் 1.65 மீட்டர் என்றால் 0.2 கிலோதான் வரும். டயர் வண்டிக்கு நான் வைத்திருக்கும் குத்துமதிப்புக் கணக்கு: டயருக்குள் எவ்வளவு காற்றழுத்தமோ ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம் மண்ணின்மேலும் விழும். 14 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பெல்ட் வண்டியைப்போல் ஐந்து மடங்கு.

டயரும் காற்றும்

மேலே சொன்ன கணக்கிலேயே வழியும் இருக்கிறது. காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி அதிகப் பரப்பைத் தொடும். ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்க முடியாது. பின் டயருக்கு வயல் வேலையில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. வைப்பது வழக்கம், உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். போனால் ரிம்முக்குள் டயர் வழுக்கித் திரும்பி வால்வைப் பிய்த்துவிடும். ரோட்டில் டிரெய்லர் இழுக்கக் கூடுதல் காற்று வைத்திருப்போம். அதை அப்படியே மறந்துவிட்டு வயலில் இறங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. 500 ரூபாய்க்குள் கிடைக்கும் காற்று அளவியை வண்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது அளவு ஆகாது.

டயர் மாற்றும் காலம் வந்தால் அகலமானதைப் பாருங்கள். 13.6 இன்ச் அகலத்தில் ஓடும் வண்டிக்குப் பல நேரம் 14.9 பொருந்தும். ரிம் அகலமும் மட்கார்டு இடைவெளியும் ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சேற்று வேலையே முழுநேர வேலை என்றால் ஆர்-2 ரகம் என்று ஒன்று உண்டு. சாதாரண ஆர்-1 டயரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆழமான பற்கள் கொண்டது. சேற்றில் அருமையாகப் பிடிக்கும். தார்ச்சாலையில் அதிரும், சீக்கிரம் தேயும். வயலுக்கும் செங்கல் ஏற்றவும் ஒரே வண்டியை ஓட்டுபவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

டயர் மாட்டும்போது பக்கச் சுவரில் இருக்கும் அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். பற்கள் கூடும் முனை முதலில் தரையில் படவேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து இரு பக்கமும் பிதுங்கி வெளியேறும். திருப்பி மாட்டினால் சேறு உள்ளே அடைத்துக்கொண்டு டயர் உருண்டைக்கல்லாகிவிடும். பஞ்சர் ஒட்டும் அவசரத்தில் இந்தத் தவறு நடந்த வண்டிகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டர் இப்போது நிறைய வந்துவிட்டது. சேற்றில் அதன் பெரிய நன்மை இழுப்பதைவிட முன்பக்கத்தில்தான். சாதாரண வண்டியின் ஒல்லியான முன் டயர் சேற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போகும். இதில் முன் டயர் தானே ஏறி வரும். ஆனால் முன்னும் பின்னும் டயர் அளவு கம்பெனி கொடுத்த பொருத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வேறு அளவுக்கு மாற்றினால் கியர்ப் பெட்டிக்குள் இரண்டும் சண்டை போடும்.

கேஜ் வீல்

சேற்றில் வண்டி புதையாமல் தாங்க மாட்டும் இரும்புச் சக்கரம் இது. கூண்டுச் சக்கரம் என்று சிலர் எழுதினாலும் பேச்சில் கேஜ் வீல்தான். இரண்டு வகை உண்டு. டயரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டுவது முழு கேஜ். டயரை ஒட்டி வெளிப்பக்கம் மாட்டுவது அரை கேஜ். புதியவர்களுக்கு அரை கேஜ் போதும். டயர் உருட்டுகிறது, கேஜ் தாங்குகிறது. அகலமும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. முழு கேஜ் எடை குறைவு, சேறடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் வயலுக்கு வயல் போவதற்கே டிரெய்லர் தேடவேண்டும்.

மாட்டும் முறை: வண்டியைக் கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒரு பக்கம் ஜாக்கி வைத்து டயர் தரையைவிட்டு நகரும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். கேஜை இரண்டு பேர் பிடித்து ரிம்மின் துளைகளோடு பொருத்துங்கள். இருக்கும் எல்லாத் துளைக்கும் போல்ட் போடுங்கள். நாலு போதும் என்று சொல்லும் உதவியாளர் எல்லா ஊரிலும் இருக்கிறார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். போல்ட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் இறங்கி மறுபடி இறுக்குங்கள். அந்த இரண்டாவது இறுக்கம்தான் முக்கியம். தளர்ந்த கேஜ் ரிம்மின் துளையை முட்டை வடிவத்துக்குத் தேய்த்துவிடும். பிறகு ரிம்மையே மாற்ற வேண்டும்.

கேஜின் பட்டைகளுக்கு நடுவே சேறும் வைக்கோலும் அடைத்தால் அது வெறும் இரும்பு உருளை. முந்தைய போகத்தின் தாள் அதிகம் உள்ள வயலில் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, கருவிக்கு இன்ஜின் சுழற்சியைக் கொடுக்கும் பி.டி.ஓ.வைத் துண்டித்து, இன்ஜினை அணைத்த பிறகே கை வையுங்கள்.

கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறக் கூடாது. சாலையைக் கொத்திவிடும் என்பதால் டெல்டா மாவட்டங்களில் ஆட்சியர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கை வெளியிடுகிறார்கள், அபராதமும் உண்டு. சாலையைக் கடந்துதான் ஆகவேண்டும் என்றால் கழற்றி மாட்டுங்கள். பழைய டயரை விரித்துப்போட்டுக் கடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

ஓட்டும் கை

வயலில் நுழையும் முன்பே எங்கே திரும்புவது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். நேராக ஓடும்போது வண்டி அரிதாகவே மாட்டும், திரும்பும்போதுதான் மாட்டும். கெட்டியான மூலையைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள். ஒற்றைப் பிரேக்கை அழுத்தி வண்டியைச் சுழற்றாதீர்கள். மேட்டு நிலத்தில் அது கெட்டிக்காரத்தனம், சேற்றில் அது ஒரு சக்கரத்தை வைத்துக் கிணறு தோண்டுவது. அகலமாக வளைந்து திரும்புங்கள்.

சேறடிக்கக் கொத்துக் கலப்பையைவிட ரோட்டவேட்டர் ஏன் சுலபம் என்று பலர் யோசிப்பதில்லை. கலப்பையை வண்டி இழுக்க வேண்டும். ரோட்டவேட்டரின் கத்திகள் சக்கரம் சுழலும் அதே திசையில் சுழல்வதால் அவை மண்ணை உதைத்து வண்டியை முன்னே தள்ளும். பிடிப்பு குறைந்த இடத்தில் இது இலவச உதவி. ஆனால் ஒரே மூச்சில் முழு ஆழத்துக்கு இறக்கிக் கெட்டித் தளத்தைக் கொத்திவிடாதீர்கள். அடுத்த போகத்தில் நீங்களே அதில் விழுவீர்கள்.

இறங்கும்போது தாழ்ந்த கியர், நடுத்தர வேகம், ஒரே சீரான ஆக்சிலேட்டர். மென்மையான இடத்தின் நடுவே கியர் மாற்றுவதும் கிளட்சை மிதித்து நிற்பதும் வேண்டாம். இரண்டு பின் சக்கரங்களையும் சேர்ந்தே சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் மிதியை, ஒரு சக்கரம் வழுக்கப்போகிறது என்று தெரிந்தவுடன், வண்டி நேராக இருக்கும்போதே மிதியுங்கள். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் உள்ளே பல் உடையும். திரும்பும் முன் விட்டுவிடுங்கள்.

வழுக்கலை அளக்க ஒரு வழி இருக்கிறது, ஒருமுறையாவது செய்து பாருங்கள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கெட்டியான தரையில் கருவியைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டித் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வயலில் வேலை செய்துகொண்டே பத்துச் சுற்று. முதலாவது 40 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். உலர்ந்த உழவில் 10 முதல் 15 வரை இருப்பது நல்லது. சேற்றில் அதற்குமேல் போகும். 30-ஐத் தாண்டினால் நான் வேலையை நிறுத்திவிட்டு காற்றையோ, கேஜையோ, கருவியின் ஆழத்தையோ மாற்றுவேன். மூன்றில் ஒரு பங்கு டீசலைச் சேற்றுக்கு ஊற்றுவதில் என்ன இருக்கிறது?

வரப்பைக் கோணலாகத் தாண்டாதீர்கள், நேர்செங்குத்தாகத் தாண்டுங்கள். உயரமான வரப்பு என்றால் மண்வெட்டியால் இரு பக்கமும் சரிவு வெட்டிவிட்டு ஏறுங்கள். முன்பக்கம் தூக்கும் என்று தோன்றினால் ரிவர்ஸில் ஏறுவதுதான் பத்திரம்.

நனைந்த வயலில் அறுவடை

குறுவை முற்றுவதும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் பல ஆண்டுகளில் ஒரே நேரம். இங்கே டயர் வண்டிக்கு வேலையில்லை, பெல்ட் வண்டிதான். மணி வாடகை கூடுதல் என்று முகம் சுளிப்பார்கள். டயர் வண்டி போட்ட பள்ளத்தை அடுத்த நடவுக்கு முன் நிரவ எத்தனை நாள் பரம்படிக்க வேண்டும் என்று கேட்டால் முகம் மாறும். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் பெல்ட் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். மழைக்கு முன்பே பதிவுசெய்துவிட வேண்டும்.

வயல்காரர் செய்ய வேண்டியது ஒன்று: அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவது. கனத்த களிமண் என்றால் இன்னும் சில நாள் முன்பாகவே. வயலின் தாழ்ந்த ஓரமாக மண்வெட்டி அகலத்துக்கு ஒரு சால் இழுத்துவிட்டால்கூட ஒரு டன் நெல்லைக் காப்பாற்றும்.

ஓட்டுபவர் செய்ய வேண்டியதில் முதலாவது, பெல்ட்டின் இறுக்கம். தளர்ந்த பெல்ட் சேற்றில் திரும்பும்போது கழன்றுவிடும். வயல் நடுவே கழன்ற பெல்ட்டை ஏற்றிய அனுபவம் இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசவே விரும்பமாட்டார்கள். கையேட்டில் சொன்ன அளவுக்குத் தினமும் காலையில் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, நெல் பெட்டியை நிறைய விடாதீர்கள். ஒரு கன மீட்டர் நெல் 550 முதல் 600 கிலோ வரும். நெல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஆழம் பெல்ட் இறங்கும். பாதியானதும் வரப்போரம் வந்து கொட்டுங்கள். டிரெய்லரை வயலுக்குள் கூப்பிடாதீர்கள்; அது எல்லா வண்டியையும்விடக் கெட்டியாக மாட்டும்.

மூன்றாவது, நின்ற இடத்தில் சுழலாதீர்கள். ஒரு பெல்ட் நின்று மறுபெல்ட் ஓடினால் சேற்றை மலையாகக் குவித்து வயிற்றுக்குக் கீழே தள்ளும். முன்னே, பின்னே, முன்னே என்று மூன்று அசைவில் திரும்புங்கள். களிமண்ணின் மேல்தோல் காய்ந்து கொஞ்சம் தாங்கும்போது, ஒருமுறை போன தடத்திலேயே மறுபடி போகாதீர்கள். முதல் முறை தோல் உடையும், இரண்டாம் முறை வண்டி இறங்கும். தவிர்க்க முடியாத பாதையில் அறுத்த வைக்கோலைக் குறுக்காகப் பரப்பிவிடுங்கள், நல்ல தடிமனாக.

பொக்லைன் இறங்கும்போது

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் வாய்க்கால்களில் தூர்வாரும் வேலை நடக்கும். அப்போது பொக்லைனில் உதவியாளராகச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம்.

பொக்லைனை ஒற்றைக்காலில் நிற்பவரோடு ஒப்பிட்டு மேலே சொன்ன கணக்கு, வண்டி சும்மா நிற்கும்போதுதான் பொருந்தும். நிறைந்த வாளியைக் கையை நீட்டிப் பக்கவாட்டில் சுழற்றினால் எடை முழுக்க ஒரு பட்டையின் ஒரு ஓரத்துக்குப் போய்விடும். அழுத்தம் பல மடங்காகும். ஆகவே மென்மையான கரையில் பட்டை வாட்டத்திலேயே, கையைக் குறுக்கி, சிறு வாளியாக அள்ளுங்கள். கரை விளிம்பிலிருந்து வாய்க்காலின் ஆழத்துக்குக் குறையாத தூரம் தள்ளி நில்லுங்கள்.

அடுத்தது, பாய். தென்னை அல்லது பனை மரத் துண்டுகளை நான்கைந்தாகச் சேர்த்து இரும்புக் கம்பியால் கட்டி, வண்டி போகும் திசைக்குக் குறுக்காகப் போட வேண்டும். நெடுக்காகப் போட்டால் துண்டு உருண்டு பட்டை நழுவும். பின்னால் கடந்துவந்த பாயை வாளியாலேயே எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு நகரலாம். பனை தாங்கும், தென்னை ஒரு பருவத்துக்கு மேல் நம்ப முடியாது, உள்ளே இருக்கும் சோற்றுப்பகுதி ஊறி உளுத்துவிடும். துண்டு கிடைக்காவிட்டால் சீமைக் கருவேல முள்ளைக் கட்டுக் கட்டாகப் போட்டு மேலே கிராவல் கொட்டலாம். இது ஒன்றும் ஏழைகளின் வழி அல்ல. 1830-இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையை சாட் மாஸ் என்ற சதுப்பின்மேல் ஜார்ஜ் ஸ்டீவன்சன் கொண்டுபோனது புதர்க்கட்டுகளைப் படுக்கையாகப் போட்டுத்தான். அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

டயரில் ஓடும் ஜேசிபி வகை வண்டிகளில் பின்னால் ஊன்றும் கால்களின் தட்டு சிறியது. அதற்குக் கீழே ஒரு தடித்த பலகை கொடுக்காமல் ஊன்றாதீர்கள். தண்ணீரும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கும் நீர்நிலைகளில் இந்த வண்டிகள் எதற்கும் பயனில்லை. அங்கே மிதவைக் காலுள்ள இயந்திரம்தான் வரவேண்டும்.

மாட்டிக்கொண்டால்

சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லை என்றால் உடனே ஆக்சிலேட்டரைவிட்டுக் கையை எடுங்கள். இதற்குள் எத்தனை பேர் வரப்பில் கூடிவிட்டாலும் சரி, ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொன்னாலும் சரி, கீழே இருக்கும் வரிசையில் செய்யுங்கள்.

கருவியை மேலே தூக்குங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் தரை உங்களைத் தாங்கிய தரை, முன்னால் இருப்பதைப் பற்றி எதுவும் தெரியாது. ஒருமுறை முயன்று வரவில்லை என்றால் இன்ஜினை அணையுங்கள். வயிறு தட்டியிருக்கிறதா என்று கையைவிட்டுப் பாருங்கள். தட்டியிருந்தால் முதலில் அங்கே மண்ணை வாரி வெளியேற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட களிமண் உறிஞ்சிப் பிடிக்கும். பக்கத்தில் கடப்பாரையால் ஓட்டை போட்டுத் தண்ணீர் விட்டால் அந்தப் பிடி தளரும். பின் சக்கரங்களின் பின்புறம் சரிவாக வெட்டி, தென்னை மட்டை, வைக்கோல் பிரி, செங்கல் உடைசல் என்று கிடைத்ததைத் திணியுங்கள். டிஃபரன்ஷியல் லாக் போட்டு, தாழ்ந்த ரிவர்ஸில், மெதுவாக.

அதற்கும் வரவில்லை என்றால் இன்னொரு வண்டியை அழையுங்கள். அது கெட்டியான தரையில் நிற்க வேண்டும். ஆகவே நீளமான வடம் வேண்டும். நேர்கோட்டில் இழுக்க வேண்டும், வெட்டி இழுக்கக் கூடாது. இழுக்கும் வண்டியில் வடத்தைத் தாழ்ந்த இழுவைச் சட்டத்தில் மட்டும் கட்டுங்கள். அச்சுக்கு மேலே, மேல் இணைப்புக் கம்பியில் கட்டினால் அந்த வண்டியே பின்னால் கவிழும். வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கம்பி வடம் சாட்டையாக வரும்.

கடைசியாக, எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் சிலர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி. பின் சக்கரங்களில் குறுக்கே ஒரு பனங்கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்னோக்கி முடுக்குவார்கள். கட்டை சேற்றில் பதிந்து சக்கரம் நின்றுவிட்டால் இன்ஜினின் திறன் எங்கே போகும்? சக்கரம் சுற்ற முடியாதபோது வண்டியின் உடல் அச்சைச் சுற்றி எழும்பும். டிராக்டர் பின்னோக்கிக் கவிழ ஒன்றரை நொடி போதும். அதில் முக்கால் நொடி கடந்துவிட்டால் கிளட்சை மிதித்தாலும் திரும்பாது. ஒருமுறை பக்கத்து வயலில் நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோதே முன் சக்கரங்கள் என் தலை உயரத்துக்கு எழுந்தன. ஓட்டியவர் எப்படியோ கிளட்சை மிதித்துவிட்டார். வண்டி தடாரென்று கீழே வந்து விழுந்தது. இறங்கி வந்தவருக்குத் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி ஆடியது. கட்டையைக் கட்டிக் கொடுத்தவர்கள் அதற்குள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கழுவி நிறுத்தும்போது

சேற்று வேலை முடிந்த அன்றே கழுவுங்கள். மறுநாள் காய்ந்த களிமண் சிமென்ட். அச்சின் இரு முனைகளிலும் எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் இருக்கும் இடத்தில் வைக்கோலோ நைலான் கயிறோ சுற்றியிருந்தால் அறுத்து எடுங்கள். சீலைத் தின்பது அதுதான். கிரீஸ் போடும் இடம் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் சேற்றோடு பிதுங்கி, புதியது தெரியும்வரை அடியுங்கள். கேஜைக் கழற்றினால் போல்ட்டுகளை ஒரு டப்பாவில் டீசலில் போட்டு வையுங்கள்.

மறுநாள் காலை, இன்ஜினைக் கிளப்பும் முன், கியர்ப் பெட்டியின் எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பாலூற்றிய தேநீர்போல் வெளுத்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அன்று எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் வண்டியை எடுக்காமல், எண்ணெயை மாற்றி, சீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.